ஜனவரி லீவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பெற்றோர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். டெல்டா பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியையாக நான் சொல்லும் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டு விடுமுறைகளை வைத்து எழுதியது.

ஜனவரியில் எந்தெந்த நாள் லீவு?

அரையாண்டு விடுமுறையின் வால் ஜனவரி முதல் நாட்கள் வரை நீளும். அப்புறம் தை 1, 2, 3: பொங்கல், திருவள்ளுவர் நாளாகவும் வரும் மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள். போகியையோ நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒரு வேலை நாளையோ சேர்த்துச் சில வருடம் அறிவிப்பார்கள். 2025இல் ஜனவரி 17ஐ அப்படிச் சேர்த்ததால் ஒரே மூச்சில் ஆறு நாள் கிடைத்தது. பிறகு ஜனவரி 26. தைப்பூசம் 2021 முதல் அரசு விடுமுறை. ஆனால் அது ஜனவரியிலும் வரும், பிப்ரவரிக்கும் தள்ளிப் போகும். 2024இல் ஜனவரி 25, அதற்கடுத்த வருடம் பிப்ரவரி 11.

ஆக, ஜனவரி லீவு மே மாதம் மாதிரி ஒரே நீட்டமாக வராது, துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை போதும்.

வீட்டுப்பாடமாகத் தாள்கள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை முடிக்க வைப்பதா, விட்டுவிடுவதா?

1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. அந்த வயதுப் பிள்ளைக்குக் கட்டாகத் தாள் வந்தால் ஆசிரியரிடம் தாராளமாகப் பேசலாம். 3, 4, 5ஆம் வகுப்பென்றால் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதட்டும், மிச்ச நாள் அவர்களுடையது.

‘புராஜெக்ட்’ என்ற பெயரில் நடக்கும் கூத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் ராத்திரி அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடி, ‘தமிழர் பண்டிகைகள்’ என்று அச்சடித்த படத்தாளும் சார்ட்டும் வாங்கி வருவார். அம்மா வெட்டி ஒட்டுவார். பிள்ளை தூங்கிவிடும். மறுநாள் வகுப்பில் அந்தச் சார்ட்டைப் பார்த்ததுமே இது யார் வேலை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை தன் கையால் செய்ததைத்தான் நாங்கள் பார்க்க ஆசைப்படுகிறோம்.

போகிக்கு எரிப்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

வீட்டை ஒழிப்பதுதான் வேலையே. பிள்ளையிடம் மூன்று சாக்குப் பைகளைக் கொடுங்கள்: இன்னொருவருக்குக் கொடுக்கலாம், பழைய பேப்பர்காரருக்குப் போடலாம், எதற்கும் ஆகாது. எந்தப் பொருள் எந்தப் பைக்கு என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். சின்னதாகிப் போன சட்டை முதல் பையா மூன்றாவது பையா என்று அண்ணன் தங்கைக்குள் வாக்குவாதம் வரும். நீங்கள் நடுவில் போகாதீர்கள், பாடமே அந்த வாக்குவாதத்தில்தான் இருக்கிறது. பழைய பேப்பர்காரர் வந்ததும் எடையைப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்றால் மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட வையுங்கள். அந்தக் காசு பிள்ளைக்கே.

டயர், பிளாஸ்டிக், ரெக்சின் எதையும் நெருப்பில் போட வேண்டாம். மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் தரையோடு தங்கிவிடும். அன்று காலை சென்னையில் கண்ணைத் திறந்தாலே இது புரிந்துவிடும்.

பொங்கல் ஏன் சில வருடம் 14, சில வருடம் 15? பிள்ளை கேட்கிறது, எனக்கே தெரியவில்லை.

சூரியன் மகர ராசிக்குள் நுழையும் கணத்தை வைத்துத்தான் தை மாதம் பிறக்கிறது. அந்தக் கணம் பொழுது சாய்வதற்கு முன் வந்தால் அன்றே தை 1. சாய்ந்த பிறகு வந்தால் மறுநாள். ஒரு வருடம் என்பது 365 நாளும் கிட்டத்தட்ட 6 மணி நேரமும் என்பதால், ஒவ்வொரு வருடமும் அந்தக் கணம் 6 மணி நேரம் பின்னால் போகும். லீப் வருடத்துப் பிப்ரவரி 29 அதைத் திரும்ப இழுத்து வந்துவிடும். அதனால்தான் இந்த ஊசலாட்டம். 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிடலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வார்த்தையைவிட நிழல் நல்லது. வெட்ட வெளியில் ஒரு மீட்டர் குச்சி ஒன்றை நேராக நட்டு, பகல் 12:20 வாக்கில் நிழலை அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை போதும். தஞ்சாவூர்ப் பக்கம் ஜனவரித் தொடக்கத்தில் 67 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் நிழல், மாதக் கடைசியில் 54 வாக்கில் வந்து நிற்கும். சூரியன் வடக்கே நகர்கிறது என்று நாம் சொல்வதை ஸ்கேலே காட்டிக் கொடுத்துவிடும். உண்மையில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். தை முதல் நாள் அதைவிட மூன்று வாரம் தள்ளி வருகிறது. ஏறக்குறைய 70 வருடத்துக்கு ஒரு நாள் என்று மெதுவாக விலகிக்கொண்டே வந்ததில் விழுந்த இடைவெளி அது.

ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லிப் பாருங்கள். “அப்புறம் ஏன் குளிருது?” என்று திருப்பிக் கேட்பார்கள். பூமி சாய்ந்து நிற்பதை ஒரு டார்ச்சையும் பந்தையும் வைத்துக் காட்ட அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

கோலத்தில் கணக்கு இருக்கிறது என்கிறார்கள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கோலத்துக்கு இரண்டு வகையில் புள்ளி வைப்போம். ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று வருவது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவில் வருவது ஊடுபுள்ளி, சில வீடுகளில் இடைப்புள்ளி, சந்துப்புள்ளி என்பார்கள். ‘7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி’ என்றால் நடு வரிசையில் 7, மேலும் கீழும் 5, 3, 1. ‘7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி’ என்றால் நடுவில் 7, இரு பக்கமும் 6, 5, 4.

முதல் வேலை, கோலத்தைப் போடுவதற்கு முன்பே மொத்தப் புள்ளி எத்தனை என்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி முற்றத்தில் 3ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி 7-4 ஊடுபுள்ளியை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தாள். பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். “டீச்சர், நடு வரிசைக்கு மட்டும் ஜோடி இல்லை. மத்த எல்லாத்துக்கும் இருக்கு” என்றாள். மேலே இருக்கும் 6க்குக் கீழே ஒரு 6, 5க்கு ஒரு 5, 4க்கு ஒரு 4. ஆக ஒரு பக்கம் 15, இரு பக்கமும் 30, நடுவில் 7, மொத்தம் 37. பெருக்கல் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்த பெண், இரட்டிப்பது எதற்கு என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள்.

5ஆம் வகுப்புக்கு இன்னொரு படி மேலே போகலாம். 7-1 நேர்ப்புள்ளியில் மேலிருந்து நடு வரை கூட்டினால் 1+3+5+7 = 16. அது 4×4. மிச்சம் 5+3+1 = 9. அது 3×3. 9-1 போட்டால் 25ம் 16ம் வரும். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் சதுர எண் வரும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மண்டையில் ஏறாது. கோலமாவு கையில் இருந்தால் ஏறும்.

அடுத்தது சிக்குக் கோலம். கையை எடுக்காமல் ஒரே இழையில் முடிகிறதா, இரண்டு இழை தேவைப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சமச்சீர், சுழற்சி எல்லாம் பாடப்புத்தகத்தில் வருவதற்கு முன்பே கண்ணுக்குப் பழகிவிடும். மடித்தால் இரு பாதியும் பொருந்துகிற கோலம் எது, பொருந்தாமல் சுற்றினால் மட்டும் அதேபோல் தெரிகிற கோலம் எது என்று பிரிக்கச் சொன்னால் பெரியவர்களே தடுமாறுவோம்.

பையன்களும் போடட்டும். “அது பொம்பளைங்க வேலை” என்று யாராவது தாத்தா சொன்னால், அவரையே இழைகளை எண்ணச் சொல்லிவிடுங்கள்.

கரும்பையும் மஞ்சள் கொத்தையும் வைத்து என்ன செய்யலாம்?

கடித்துத் தின்பதற்கு முன் ஒரு பத்து நிமிடம். முழுக் கரும்பைத் தரையில் போட்டு, கணுக்களை எண்ணி, ஒவ்வொரு கணுவுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்கட்டும். அடியில் நெருக்கமாக இருக்கும், நடுவில் விலகும், நுனியில் மறுபடி நெருங்கும். நல்ல தண்ணீர் கிடைத்து வேகமாக வளர்ந்த நாட்களில் கணுவிடை நீளமாக இருக்கும். கணுவில் சின்னதாக ஒரு மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சொன்னால் போதும், அடுத்தடுத்த கணுக்களில் மொட்டு வலது, இடது என மாறி மாறி வருவதை அவர்களே பார்த்துவிடுவார்கள். அடிக்கரும்புத் துண்டையும் நுனித் துண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கடிக்க வைத்து எது எது என்று கேளுங்கள். யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள்.

மொட்டு அடிபடாத ஒரு கணுவை மட்டும் இரு பக்கமும் கொஞ்சம் விட்டு வெட்டி, பழைய பெயிண்ட் டப்பாவில் மண் போட்டுப் படுக்கவைத்து மூடித் தண்ணீர் ஊற்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். குடியரசு நாளுக்கும் மாதக் கடைசிக்கும் நடுவில் அந்தப் பச்சை நுனியை ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

மஞ்சளுக்கு வேறு விளையாட்டு. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வையுங்கள். சோப்புத் தண்ணீரில் தொட்ட குச்சியால் அதில் எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தடவினால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வித்தைதான். சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து.

இஞ்சி, மஞ்சள் இரண்டும் வேர் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். கொத்தைக் கழுவிப் பார்த்தால் வளையம் வளையமாகக் கோடும் கண்ணும் தெரியும். மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு அது. கரும்புக் கணுவைப் பார்த்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே ஜாடை என்பது விளங்கும்.

பால் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்குவதில்லை?

சூடேறும்போது பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் மேலே ஏடாகப் படியும். அடியில் கிளம்பும் நீராவிக் குமிழிகள் அந்த ஏட்டைத் தாண்டி வெளியேற முடியாமல் அதையே தூக்கிக்கொண்டு மேலே வரும். தண்ணீரில் ஏடு இல்லை, குமிழி மேலே வந்து உடைந்துவிடும். பக்கத்துப் பக்கத்து அடுப்பில் இரண்டையும் வைத்து, தள்ளி நின்று பார்க்கட்டும். அரிசி, பருப்பு, வெல்லம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளக்கும் வேலையும் அவர்களுக்கே. நாலு பேருக்கு இவ்வளவு என்றால் பெரியப்பா வீட்டாரும் வந்தால் எவ்வளவு என்பது விகிதக் கணக்கு.

மாட்டுப் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு பார்க்கக் கூட்டிப் போகலாமா?

தொடக்கப்பள்ளி வயதில் வேண்டாம் என்பேன். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக நடப்பதை டிவியில் பார்த்துக்கொள்ளலாம். நெரிசலில் பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான்.

அதைவிட, மாடு வைத்திருக்கும் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கழுவிக் கொம்புக்கு வர்ணம் பூசும்போது கூட நிற்க வையுங்கள். மாட்டுக்காரரிடம் கேட்க நாலு கேள்வி முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகட்டும். என்ன சாப்பிடும், எத்தனை முறை தண்ணீர், எத்தனை லிட்டர் கறக்கும், வயதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள். கடைசிக் கேள்விக்கு அவர் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது என்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் போடும் சத்தம் கேட்க வேண்டும். காங்கேயம் மாடு இருக்கும் வீடென்றால் கன்று எங்கே என்று கேளுங்கள். பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். எங்கள் டெல்டாவின் உம்பளச்சேரிக் கன்றும் அப்படித்தான்.

திருவள்ளுவர் நாளுக்கு எத்தனை குறள் மனப்பாடம் செய்ய வைக்கலாம்?

ஒன்று. புரிந்து, சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்த ஒன்று. உழவர் திருநாள் மறுநாளே வருவதால் 104ஆவது அதிகாரமான உழவிலிருந்து எடுத்தால் பொருத்தம்.

மனப்பாடத்தைவிடப் பிள்ளைகளுக்கு எண்கள் பிடிக்கும். 133 அதிகாரம், அதிகாரத்துக்கு 10, மொத்தம் 1330. ஒவ்வொரு குறளிலும் 7 சீர். குறள் எண்ணைச் சொன்னால் அதிகாரத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டு 1 கூட்டினால் அதிகாரம். 391 என்றால் 39+1 = 40, கல்வி. பூஜ்யத்தில் முடிந்தால் மட்டும் கூட்ட வேண்டாம், 400ம் அதே 40தான். ஏன் என்று 5ஆம் வகுப்புப் பிள்ளை யோசிக்கட்டும்.

கன்னியாகுமரி சிலை 2000ஆம் ஆண்டு ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து. ஆக 133. தெருவில் சாக்பீஸால் 38 அடியும் 95 அடியும் அளந்து கோடு போட்டுப் பார்த்தால் அதன் பிரம்மாண்டம் விளங்கும். தெரு போதாமல் போகலாம்.

திருவள்ளுவர் ஆண்டு கேட்டால், நம் ஆண்டோடு 31 கூட்டிக்கொள்ள வேண்டும்.

காணும் பொங்கலுக்கு எங்கே போகலாம்? பீச், பார்க் எல்லாம் கூட்டமாக இருக்கிறது.

கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஒலிபெருக்கிக்கு ஓடுவதைவிட மொட்டை மாடிக்குப் போங்கள், ஏரிக்கரைக்குப் போங்கள், பறவைகளை எண்ணுங்கள்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். விதி எளிது. ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் இருந்து, பார்த்த பறவை, குரல் கேட்ட பறவை எல்லாவற்றையும் எத்தனை என்று குறித்து, இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் நோட்டில் எழுதி வைத்தாலும் பாடம் பாடம்தான்.

காலை ஆறரைக்குத் தொடங்குங்கள், எட்டு மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும். முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகளுக்குக் காக்காவும் ‘குருவி’யும் மட்டும்தான் தெரியும். எது பறந்தாலும் குருவி. அப்புறம் கண் பிரித்துப் பார்க்கத் தொடங்கும். கம்பியில் பிளவுபட்ட நீள வாலோடு கறுப்பாக உட்கார்ந்திருந்தால் கரிச்சான், அதைத்தான் நாம் இரட்டைவால் குருவி என்கிறோம். தரையில் ஏழெட்டாகச் சேர்ந்து கத்திக்கொண்டு இலையைக் கிளறினால் தவிட்டுக்குருவி. குளக்கரையில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடினால் வாலாட்டி. கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டுத் திடீரென எல்லாம் சேர்ந்து கிளம்பினால் அது தகைவிலானாக இருக்கலாம். வாலாட்டிகளில் பலவும் தகைவிலானும் வடக்கேயிருந்து குளிருக்கு நம் ஊருக்கு வந்த விருந்தாளிகள். சித்திரையில் தேடினால் கிடைக்காது. அட்லஸை எடுத்து இமயமலைக்கு அந்தப் பக்கம் விரல் வைத்துக் காட்ட இதுதான் சமயம்.

கூட்டமாகப் பறந்தால் எப்படி எண்ணுவது? பத்து பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் கண்ணால் பிடித்துக்கொண்டு, அதேபோல் எத்தனை பத்து என்று மதிப்பிடச் சொல்லுங்கள். தோராயம் என்ற கருத்தைக் கற்றுக்கொடுக்க வேறு எந்த வழியும் இவ்வளவு சுலபமாக எனக்குத் தெரிந்ததில்லை.

வண்டி வசதி இருந்தால் வேடந்தாங்கலுக்கு இதுதான் பருவம். சிவகங்கைப் பக்கம் இருப்பவர்கள் வேட்டங்குடிக்குப் போகலாம். அங்கே வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊரைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் நம்பவே மாட்டார்கள்.

சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது பிரயோஜனமா?

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பெரும்பாலும் இந்த மாதத்தில்தான் நடக்கும். போகலாம், ஆனால் விடுமுறை நாளின் சாயங்காலம் வேண்டாம். ஒரு தொகையைப் பிள்ளை கையில் கொடுத்து, அதற்குள் என்ன வாங்குவது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நமக்கு உப்புச்சப்பில்லாமல் தெரியும் படப் புத்தகத்தைத்தான் தூக்கி வருவார்கள். வாயைத் திறக்காதீர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்ததைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் கிளை நூலகத்தில் பிள்ளை பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை போதும்.

குடியரசு நாளைப் பற்றி எப்படிச் சொல்வது? சுதந்திர நாளோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

பெரியவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஆகஸ்ட் 15 வீடு நம் கைக்கு வந்த நாள், ஜனவரி 26 அந்த வீட்டுக்கு நாமே விதி எழுதி நடைமுறைக்குக் கொண்டுவந்த நாள். அரசியலமைப்பு 1949 நவம்பர் 26இலேயே ஏற்கப்பட்டுவிட்டது. 1930இல் முழு விடுதலை நாளாகக் கொண்டாடிய ஜனவரி 26ஐ நினைத்துத்தான் 1950இல் அதே தேதிக்குக் காத்திருந்து நடைமுறைப்படுத்தினார்கள்.

டிவியில் தில்லி விழாவைப் பார்க்கும்போது ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சுதந்திர நாளில் கொடி கீழேயிருந்து மேலே ஏறும். குடியரசு நாளில் உச்சியில் ஏற்கெனவே கட்டியிருக்கும், அவிழ்த்து விரிப்பார்கள்.

கொடி வரைவதற்கு நீளம் அகலம் 3:2. சக்கரத்தின் 24 ஆரங்களைப் போடத்தான் திணறுவார்கள். கடிகாரம் வரையச் சொல்லுங்கள், 12 கோடு. அடுத்தடுத்த இரண்டு மணிக் கோடுகளுக்கு நடுவில் ஒவ்வொரு கோடு, 24 ஆகிவிட்டது.

அப்புறம் வீட்டுக்கு ஓர் அரசியலமைப்பு எழுதலாம். எல்லோரும் உட்கார்ந்து ஐந்தே விதி. பிள்ளையும் முன்மொழியலாம், எல்லோருக்கும் ஒரே ஓட்டு. ‘சாப்பிடும்போது அப்பாவும் போன் பார்க்கக் கூடாது’ என்று ஒரு விதி கட்டாயம் வரும். நிறைவேறினால் அப்பா கட்டுப்பட வேண்டும், இல்லாவிட்டால் இந்த விளையாட்டை ஆரம்பிக்கவே வேண்டாம்.

இந்த மாதத்தில் வேறு என்ன நாட்கள் இருக்கின்றன?

ஜனவரி 4, லூயி பிரெய்ல் பிறந்த நாள், 1809. ஆறு புள்ளிகளில் எழுத்துகளை அடக்கியவர். தடித்த தாளில் மழுங்கிய ஊசியால் புள்ளி குத்தித் தடவிப் பார்க்கலாம். தமிழ் பிரெய்லில் ‘அ’வுக்கு முதல் புள்ளி மட்டும், ‘க’வுக்கு முதலும் மூன்றும். பின்பக்கமிருந்து குத்துவதால் இடவலம் மாற்றிக் குத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதன்பின் எந்த லிஃப்டில் ஏறினாலும் பொத்தானைத் தடவாமல் இறங்க மாட்டார்கள்.

ஜனவரி 11, திருப்பூர் குமரன் நினைவு நாள், 1932. குடியரசு நாளுக்குக் கொடி வரையும் பிள்ளைக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். ஜனவரி 12 விவேகானந்தர், 23 நேதாஜி பிறந்த நாட்கள். 25 வாக்காளர் நாள், தேர்தல் ஆணையம் 1950இல் அந்தத் தேதியில் தொடங்கியது. 30 காந்தி நினைவு நாள், காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். எல்லாவற்றையும் கொண்டாட வேண்டியதில்லை, ஒன்றிரண்டு போதும்.

எங்கள் வீட்டில் பொங்கல் கொண்டாடுவதில்லை. எங்கள் பிள்ளைக்கு இதெல்லாம் பொருந்துமா?

நிழல், கரும்பு, பறவை, கணக்கு எதற்கும் மதம் கிடையாது. பல பள்ளிகளில் சமத்துவப் பொங்கல் என்று எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தே வைக்கிறார்கள். ஆனால் ‘வீட்டில் பொங்கல் கொண்டாடியதை எழுது’ என்று எல்லோருக்கும் ஒரே கட்டுரை கொடுப்பதை ஆசிரியர்கள் விட்டுவிடலாம். ‘இந்த லீவில் யாரோடு என்ன சாப்பிட்டாய்’ என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் இருக்கும். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, லீவு முழுவதும் தம்பியைப் பார்த்துக்கொண்ட பிள்ளையிடமும் இருக்கும்.

ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே வீட்டில். தனித்தனியாகச் செய்ய வைக்க நேரமில்லை.

தேவையில்லை. தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே பாடத்தை மூன்று நிலையில் நடத்துகிறோம். வீட்டிலும் அதேதான். சின்னது பறவையைச் சுட்டிக் காட்டும், பெரியது எண்ணி எழுதும். சின்னது வெல்லம் அளக்கும், பெரியது கணக்குப் போடும்.

செல்போனைப் பிடுங்க முடியவில்லை.

பிடுங்காமல் வேலை கொடுங்கள். தாத்தாவின் சின்ன வயதுப் பொங்கலைப் பேட்டி எடுத்துப் பதிவு செய்யட்டும். தினமும் கரும்பு முளையை ஒரு படம். வேலை முடிந்ததும் போன் உங்கள் பையில்.

வெளிநாட்டில் இருக்கிறோம், இங்கே பொங்கலுக்கு லீவு இல்லை.

கனடாவில் ஜனவரி முழுவதையும் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே பள்ளியிலேயே பேச இடம் கிடைக்கும். மற்ற ஊர்களில் சனி, ஞாயிறுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். பனி பெய்தால் கோலத்தைக் கறுப்புத் தாளில் சாக்பீஸால் போடலாம், புள்ளிக்கணக்கு மாறாது. நிழல் அளப்பதை மட்டும் தவறவிடாதீர்கள். டொராண்டோவில் ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் இந்த மாதம் குச்சியைவிட நீளமாக விழும். ஊரில் இருக்கும் சித்தி பிள்ளையோடு வீடியோ காலில் இரண்டு அளவையும் ஒப்பிட்டால் பூமி உருண்டை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

லீவில் செய்ததை எப்படி எழுத வைப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டு. நாளுக்கு ஒரு படம், இரண்டு வரி, ஓர் எண். எண் கட்டாயம்: எத்தனை பறவை, எத்தனை கணு, எத்தனை சென்டிமீட்டர். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். இரண்டு வரிக்கு மேல் கேட்டால் ‘நான் காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

பள்ளி திறந்த முதல் நாள் ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

அந்த நோட்டுகளுக்கு மதிப்பெண் போடக் கூடாது. நாலு நாலு பேராக உட்கார வைத்து மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். எண்களை மட்டும் கரும்பலகையில் சேர்த்து எழுதினால் வகுப்புக்கே ஒரு பட்டை வரைபடம் கிடைக்கும்: யார் வீட்டுக் கரும்பில் எத்தனை கணு, எந்தத் தெருவில் எத்தனை மைனா. நோட்டுக் கொண்டு வராத பிள்ளையிடம் வாயால் சொல்லச் சொல்லி, அந்த எண்ணையும் பலகையில் சேர்த்துவிடுங்கள்.